இரும்புப் பஞ்சு

போதிமுரசு இசைக்குழுவில் பொன்ராஜ் பேஸ் கிட்டார் வாசித்தான். ஒயர் அறுந்தால் பற்றவைப்பது, மைக் கம்பத்தின் மரை தேய்ந்தால் பட்டறைக்கு எடுத்துப்போய்ப் புதிதாகக் கடைந்து வருவது, ஆம்ப்ளிஃபயர் முரண்டு பிடித்தால் முதுகில் தட்டிச் சரிசெய்வது எல்லாம் அவன் பொறுப்புதான். யாரும் சொல்லிச் சேர்ந்த பொறுப்பு இல்லை. மற்றவர்களுக்கு அதில் பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

திருவொற்றியூர்க் கடலோரக் குப்பம் ஒன்றில் பிறந்தவன். அப்பா பொன்னுரங்கமும் அண்ணனும் கடலுக்குப் போனார்கள். பொன்ராஜுக்குப் படகில் ஏறினால் குடல் வெளியே வருகிறாற்போல் குமட்டும். குப்பத்தில் அது பெரிய கேலி. அதனால் அவன் காசிமேட்டில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். குப்பத்தில் ஒரு கல்யாணத்துக்கு வியாசர்பாடியிலிருந்து கச்சேரிக்காரர்கள் வந்தபோது, பாதியில் சத்தம் நின்றுபோக, கூட்டத்திலிருந்து எழுந்துபோய் ஆம்ப்ளிஃபயரைத் திறந்து சரிசெய்தவன் அவன். அன்றைக்கு லீட் கிட்டார் வாசித்த நிலவன் அவன் தோளில் கைபோட்டு, "கை சும்மா நிக்க மாட்டுது உனுக்கு. இத்த வாசிச்சிப் பாக்கறியா மாமு?" என்று பேஸ் கிட்டாரை நீட்டினான். இருவருக்கும் ஒரே வயது. அப்படித்தான் ஆரம்பித்தது.

நிலவன் எம்.கே.பி. நகர்க்காரன். மாத்தூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பொன்ராஜ் ஒத்திகைக்குப் போனால் நிலவனின் மனைவி கார்குழலி கேட்காமலே தட்டு வைப்பாள். "அண்ணா மீனு துண்றதுல மன்னன், நம்ம கொயம்ப அவரு எங்க மதிக்கப் போறாரு?" என்பாள். அவன் மூன்றாம் முறை சோறு போட்டுக்கொள்ளும்வரை விடமாட்டாள்.

நிலவனிடம் ஒரு சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டார் இருந்தது. துறைமுகத்துக்கு வந்த கப்பல்காரன் ஒருவன் விட்டுப்போனது, கைமாறி கைமாறி வந்தது. ஊர்க்காற்றுக்கு அது ஆகவில்லை. கழுத்தில் குறுக்காகப் பதித்திருக்கும் ஃபிரெட் கம்பிகள் அடிக்கடி கறுத்துச் சொரசொரத்துப் போகும். தந்தியை இழுத்து வாசித்தால் மணலில் கால் தேய்ப்பதுபோல் உரசும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தருவது பொன்ராஜ்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் சித்திரையில், அம்பேத்கர் பிறந்தநாள் விழாவுக்குக் கச்சேரி ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் வாசிப்பதுதான். ஆனால் அந்த வருஷம் கோடம்பாக்கத்திலிருந்து கேசட் கம்பெனி ஆள் ஒருவர் கேட்க வருவதாக இருந்தது. கீபோர்டு வாசிக்கும் குணசேகரன் அலைந்து அலைந்து ஏற்பாடு செய்திருந்தான். நிலவன் எழுதி மெட்டமைத்த பாட்டுகள் பிடித்துப்போனால் கேசட்டாக வரும். நிலவன் கிட்டாரைக் கொண்டுவந்து பொன்ராஜ் மடியில் வைத்துவிட்டு, "கண்ணாடி மாரி ஆக்கிக் குடு மாமு," என்றான்.

கடலைப் பார்த்த வாசலில் பாயை விரித்து, பொன்ராஜ் வேலையை ஆரம்பித்தான். அப்போதுதான் கல்யாணமாகி வந்திருந்த சௌமியா அரிவாள்மனையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தந்திகளைக் கழற்றிச் சுருட்டினான். கழுத்துக்குக் கீழே, கிட்டாரின் வயிற்றில் இருந்து தந்தியின் அதிர்வை வாங்கிச் சத்தமாக்கும் இரண்டு பிக்கப்புகளின் மேல், கார் பெயிண்ட் அடிக்கிறவர்கள் ஒட்டும் காகித டேப்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினான். ஓரங்களை நகத்தால் அழுத்தி நீவினான். அதன்மேல் தினத்தாளை மடித்து வைத்து அதையும் ஒட்டினான்.

"பச்சக் கொய்ந்தைக்குத் துணி கட்டற மாரி கட்ற," என்றாள் சௌமியா.

"பின்ன? உள்ள காந்தம் கீது. அத்த சுத்தி தலமுடிய வுட மெல்லுசா செம்புக் கம்பி. நான் தேய்க்கறது இரும்புப் பஞ்சு. தூளு பறக்கும். ஒரு பொடி உள்ள பூந்தா காந்தம் புட்ச்சிக்கும், வுடாது. அப்பால சத்தம் கலீஜாய்டும், இல்ல ஒரேடியா பூடும்." இதை அவன் குழுவில் எல்லோரிடமும் நூறு தடவை சொல்லியிருக்கிறான். அவன் பிக்கப் புராணத்தை ஆரம்பித்தால் குணசேகரன் காதைப் பொத்திக்கொள்வான்.

தேய்த்துக்கொண்டிருந்தபோது கடல் ஈரத்தில் டேப்பின் ஒரு முனை சுருண்டு எழுந்தது. இரும்புப் பஞ்சைத் தள்ளி வைத்தான். கையைக் கழுவித் துடைத்துவிட்டு அந்த டேப்பை உரித்தான். புது டேப்பைக் கிழிக்கும்போது தெருமுனையில் தண்ணி லாரி வந்து ஹாரன் அடித்தது. "யோவ், கொடத்தப் புடி, நான் ஒண்டியா தூக்க முடியாது!" என்று சௌமியா ஓடினாள். பொன்ராஜ் கிட்டார்மேல் துண்டைப் போர்த்திவிட்டு அவள் பின்னால் போனான். திரும்பி வந்தபோது துண்டு காற்றில் ஒருபக்கம் ஒதுங்கியிருந்தது. டார்ச் அடித்து, மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தான். ஒன்றுமில்லை. புது டேப்பை ஒட்டி வேலையை முடித்தான். துணியில் சுற்றிய காந்தக் கட்டியைக் கழுத்தின்மீது மெல்ல ஓட்டித் தூளையெல்லாம் வாங்கினான். டேப்பை உள்பக்கமாக மடித்து உரித்தான். ஃபிரெட்டுகள் வெள்ளிக்கம்பிகள்போல் மின்னின. தந்தி மாட்டி ஆம்ப்பில் போட்டுப் பார்த்தான். சுத்தமாகப் பேசியது.

விழா அன்று சாயங்காலம் மைதானம் நிரம்பியிருந்தது. நீலக் கொடிகள், சீரியல் பல்புகள், பொரி வண்டிகள். முதல் பாட்டுக்கே கைதட்டல் விழுந்தது. கேசட் கம்பெனிக்காரர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பாட்டில் நிலவன் தனியாக வாசிக்கும் இடம் இருந்தது. ஒரு மாதமாக அதை மட்டும் வாசித்துப் பழகியிருந்தான். அந்த இடம் வந்ததும் முன்னால் நடந்து வந்து, கூட்டத்தைப் பார்த்து ஒரு சுற்றுச் சுற்றினான். கிட்டாரின் ஒயர் ஸ்பீக்கர் பெட்டியின் காலில் மாட்டி விறைத்து இழுபட்டதைப் பொன்ராஜ் பார்த்தான். நிலவன் அதைக் கவனிக்கவில்லை; தோளைக் குலுக்கி விடுவித்துக்கொண்டு வாசித்தான். ஸ்பீக்கரில் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்தாற்போல் ஒரு வெடிப்பு. பிறகு எதுவும் இல்லை. அவன் விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

குணசேகரன் கீபோர்டில் எதையோ வாசித்துச் சமாளிக்கப் பார்த்தான். பின்வரிசையில் விசில் கிளம்பியது. பாட்டு நொண்டி நொண்டி முடிவதற்குள் முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாகிவிட்டது.

மேடைக்குப் பின்னால் பொன்ராஜ் கையை நீட்டிக்கொண்டு ஓடினான். "குடு மாமு, தொறந்து பாக்கறேன். ரெண்டே நிமிசம்."

நிலவன் கிட்டாரை மார்போடு அணைத்துக்கொண்டான். முகம் வெளிறிப்போயிருந்தது. "முந்தாநேத்து வரைக்கும் நல்லா தான கீந்துச்சி? நீதான தேய்ச்சி எட்தாந்த?"

"நல்லா மூடித்தான்டா தேய்ச்சேன். வாசிச்சும் பாத்தேன்."

"ஒரு தூளு பூந்தா அவ்ளோதான்னு இவனே தான சொல்லிக்கினு இருப்பான்," என்றான் குணசேகரன். அவன் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த நேரத்தில் ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருந்தது.

"டேய், ஒயரு மாட்டிச்சி, நான் பாத்தேன். குடு, பாத்துட்டு..."

"கைய வெக்காத!" நிலவன் கத்தினான். தபேலாக்காரனும் பாட்டுக்காரப் பெண்ணும் திரும்பிப் பார்த்தார்கள். "நீ தொட்டது போதும். மீனு கயுவுற கையில குட்த்தேன் பாரு, என்னிய சொல்லணும்."

பொன்ராஜ் நீட்டிய கையைக் கீழே இறக்கினான். அவன் கையில் அன்றைக்கு மீன்வாடைகூட இல்லை. லேத் எண்ணெய் வாடைதான் இருந்தது. குப்பத்துக்காரன் என்று யார் யாரோ முகம் சுளித்ததைப் பார்த்திருக்கிறான். நிலவனையும் பள்ளிக்கூடத்திலும் வேலையிடத்திலும் சாதி சொல்லி எப்படியெல்லாம் ஒதுக்கினார்கள் என்பதை நிலவனே சொல்லி, அவன் கேட்டிருக்கிறான். அந்த வாயிலிருந்து இது வந்ததுதான் அவனுக்கு விளங்கவில்லை. இறங்கி நடந்தான். பேஸ் கிட்டார் குழுவுடையது. அதை மேடையிலேயே விட்டுவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குப் போகவில்லை. நிலவன் வருவான் என்று நினைத்தான். தெருவில் மொபெட் சத்தம் கேட்டால் சௌமியா கதவுப்பக்கம் பார்ப்பாள்; அவன் பார்க்காததுபோல் இருப்பான். யாரும் வரவில்லை.

கோபம் சில மாதங்களில் தீர்ந்துபோனது. அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. கேசட் கம்பெனி வேறொரு குழுவை எடுத்துக்கொண்டது என்று கேள்விப்பட்டான். போதிமுரசுக்குக் கச்சேரிகள் குறைந்தன என்றும், பாட்டுக்காரப் பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள் என்றும் கேள்விப்பட்டான். நிலவன் யார்டிலேயே இரண்டு ஷிஃப்ட் பார்க்கிறானாம். ஒவ்வொன்றையும் கேட்கும்போது பொன்ராஜின் மனம் அந்த வாசலுக்கே திரும்பியது. டேப்பை உரித்தான், லாரி வந்தது, துண்டு காற்றில் ஒதுங்கியது. அந்தச் சமயத்தில் ஒரு பொடி பறந்து உள்ளே விழுந்திருக்குமோ? டார்ச் வெளிச்சத்துக்குத் தப்பியிருக்குமோ? வீட்டில் வாசித்தபோது எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்தது மேடைச் சூட்டில் இளகி நகர்ந்திருக்குமோ? ஒயர் மாட்டியதைக் கண்ணால் பார்த்தது அவனுக்கே பொய்யாகத் தோன்றத் தொடங்கியது. தப்பிக்கத்தான் அப்படிச் சொன்னேனோ என்று நினைத்தான்.

பட்டறையில் வேலை செய்துகொண்டிருப்பான். லேத்திலிருந்து இரும்புச் சுருள்கள் உதிரும். சட்டென்று மெஷினை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பான். சௌமியாவிடம் ஒருநாள் கேட்டான்: "அன்னிக்கு லாரிக்குப் போனோமே, நான் துண்ட நல்லாத்தான போத்துனேன்?"

"எத்தினி தபா கேப்ப? நல்லாத்தான் போத்துன."

"நீ பாத்தியா?"

அவள் பார்த்திருக்கவில்லை. குடத்தோடு முன்னால் ஓடினவள் அவள்தான். ஆனாலும் "பாத்தேன்" என்றாள். அவள் பொய் சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

அவன் பிறகு எந்த வாத்தியத்தையும் தொடவில்லை. குப்பத்துக் கல்யாணங்களில் கச்சேரி நடந்தால், மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் வந்துவிடுவான்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், மழை தொடங்கியிருந்த ஒரு சாயங்காலம், வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். டோல்கேட்டில் பஸ் நெரிசலில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே சுவரில் புது போஸ்டர் ஒட்டியிருந்தது. கண்ணீர் அஞ்சலி. நீலப் பின்னணியில் நிலவன் சிவப்புக் கிட்டாரோடு சிரித்துக்கொண்டிருந்தான். பசை இன்னும் காயாமல் அவன் நெற்றியில் வழிந்திருந்தது.

பொன்ராஜ் இறங்கினான். போஸ்டர் முன்னால் நனைந்துகொண்டே நின்றான். பெயரை, ஊரை, கீழே இருந்த எம்.கே.பி. நகர் மன்றத்தின் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தான். பிறகு ஷேர் ஆட்டோ பிடித்து எம்.கே.பி. நகருக்குப் போனான். தெருமுனையில் டீக்கடைக்காரர் சொன்னார், யார்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன்தானாம். அடக்கம் முந்தின நாளே முடிந்துவிட்டதாம். தெருவுக்குள் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. நிலவன் வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது. பொன்ராஜ் தெருமுனையிலேயே நின்றான். இந்த வீட்டுக்காரன் இரண்டு ஷிஃப்ட் பார்த்து நெஞ்சு வெடித்துச் செத்தான் என்றால், அதற்கு நான்தானே முதல் காரணம் என்று அவனுக்குத் தோன்றியது. கார்குழலி முகத்தில் எப்படி விழிப்பது? வந்த வழியே திரும்பினான்.

அது ஆகி ஒரு மாதத்துக்குமேல் போன பிறகு, காலையில் கார்குழலியே வந்தாள். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, கடல் அரிப்புக்காகக் கரையில் கொட்டியிருந்த பாறைகளை ஒட்டி, கிட்டார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து வந்தாள். இளைத்திருந்தாள். சௌமியாதான் முதலில் பார்த்துக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள்.

"சாவுக்கு வருவீங்கன்னு பாத்தேண்ணா," என்றாள் கார்குழலி. குற்றம் சொல்கிற குரல் இல்லை அது.

பொன்ராஜ் தரையைப் பார்த்தான். "தெரு வரிக்கும் வந்தேம்மா."

அவள் தலையாட்டினாள். "மன்றத்துல படத்தொறப்பு வெக்கறாங்க. குணசேகரண்ணன் தான் எல்லாம் பாக்கறாரு. அவுரு எயுதின பாட்ட அவுரு கிட்டார்லயே வாசிக்கணும்னு எல்லாரும் ஆசப்படறாங்க. எட்த்துப் பாத்தா துரு ஏறிப் போய்க் கீது. கடையில குடுக்க மனசு வரல. நீங்கதான் இத்த சுத்தம் பண்ணுவீங்க, அதான் எட்தாந்தேன்."

"என்னால ஆவாதும்மா," என்றான். "வேற யாருனா கிட்ட குடு."

"ஏண்ணா?"

சௌமியா பையை வாங்கி அவன் முன்னால் வைத்தாள். "எட்த்துப் பாருய்யா. பாத்தாதான் உனுக்கு அடங்கும்," என்றாள் மெதுவாக.

அவன் ஜிப்பைத் திறந்தான். தந்திகள் பழுப்பேறி, ஃபிரெட்டுகள் கறுத்து, ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. ஸ்குரூ டிரைவர் எடுத்து வந்தான். அவன் தேய்க்க ஆரம்பிக்கவில்லை. முதலில் பிக்கப்புகளைத்தான் கழற்றினான். ஒவ்வொன்றாக வெளியே தூக்கி, வாசல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். காந்தத்தின் ஓரங்களில், சுருளின் இடுக்கில், மூடியின் அடியில் பார்த்தான். பழைய தூசி இருந்தது. நிலவனின் தலைமுடி ஒன்று இருந்தது. இரும்புத்தூள் ஒன்றுகூட இல்லை. வெள்ளைக் காகிதத்தில் தட்டினான். காகிதத்தில் எதுவும் விழவில்லை.

ஒயர் சொருகும் இடத்தின் தகட்டைத் திறந்தான். உள்ளே போகும் ஒயர்களில் ஒன்று மட்டும் நிறம் மாறியிருந்தது. மற்றவை துணி சுற்றிய பழைய ஒயர்கள். இது ரேடியோக் கடை சிவப்பு ஒயர். பற்றவைத்த ஈயம் உருண்டையாகத் திரண்டிருந்தது. பக்கத்திலேயே அறுந்துபோன பழைய ஒயரின் முனை, இழுத்துப் பிய்த்த அடையாளத்தோடு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது எப்பம்மா மாத்தனது?"

கார்குழலி எட்டிப் பார்த்தாள். "அதுவா? ரொம்ப வருசம் ஆவுதுண்ணா. அந்த ஜெயந்தி கச்சேரியில நின்னு பூட்ச்சே, அதுக்கு மறுவாரம். புளியந்தோப்பு ரேடியோக் கடைக்கி எட்த்துனு போனாரு. நானும் கூடப் போனேன். கடக்காரரு தொறந்த ஒடனே சொன்னாரு, ஒயரு இயுபட்டு அந்துகீது, வேற ஒண்ணும் இல்லன்னு. அங்கியே பத்த வெச்சிக் குட்த்தாரு." அவள் சற்று யோசித்தாள். "அன்னிக்கி அவுரு சோறு துண்ணல. மொட்ட மாடியில போய்க் குந்திக்கினாரு. கூப்ட்டா எரிஞ்சி வியுந்தாரு. கேசட்டு போச்சேன்னு வருத்தம்னு நெனச்சேன்."

பொன்ராஜ் பழைய ஒயரின் முனையை விரலால் தொட்டான்.

"மறுவாரமே தெரிஞ்சி பூட்ச்சா?" சௌமியாவின் குரல் உயர்ந்தது. "மறுவாரமேவா? இந்த மனுசன் எட்டு வருசமா தூங்காம கெடக்கறாரு கொயலி! தூளு பூந்துச்சோ, தூளு பூந்துச்சோன்னு பைத்தியம் மாரி கேட்டுகினு. கல்யாண வூட்ல பாட்டு கேட்டா எயுந்து ஓடறாரு. உன் புருசன் ஒரு வார்த்த வந்து சொல்லியிருந்தா இன்னா கொறஞ்சி பூடும்?"

"சௌமியா, நிப்பாட்டு."

"நா ஏன் நிப்பாட்டணும்? சாவுக்குப் போவாம தெருமுனையோட திரும்பி வந்தியே, எதுக்கு? நீ கொன்ன மாரி நெனச்சிதான வந்த?"

கார்குழலி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனுக்கு ஒண்ணும் புரியல அண்ணி. பொன்ராஜ் தானாவே நின்னுட்டான்னுதான் அவுரு சொன்னாரு."

பொன்ராஜ் சொல்ல மறுத்துவிட்டான். சௌமியாதான் சொன்னாள், மேடைக்குப் பின்னால் நடந்ததையெல்லாம். மீன் கழுவுகிற கை என்று சொன்னதையும் சொன்னாள். கார்குழலி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை சத்தமில்லாமல் வந்தது. புருஷன் செத்ததற்கு அழுகிறாளா, இதற்கு அழுகிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை.

"எனுக்குத் தெர்யாதுண்ணா. சத்தியமாத் தெர்யாது."

"உன்னிய யாரும்மா சொன்னாங்க."

"உங்க பேர எட்த்தாலே எயுந்து போய்டுவாரு. உங்க மேல கோவமா கீறாருன்னு நெனச்சேன் நானு."

பொன்ராஜ் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தான். பிக்கப்புகளைத் திரும்பப் பொருத்தினான். டேப்பைக் கிழித்து ஒட்ட ஆரம்பித்தான். விரல்கள் பழகிய வேலையை மறந்திருக்கவில்லை. ஓரங்களை நகத்தால் நீவினான், தாளை மடித்து வைத்தான், இரும்புப் பஞ்சைப் பிய்த்து எடுத்தான். சௌமியா எழுந்து வாசல் கதவைச் சாத்தி, காற்று உள்ளே வராதபடி அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தாள். அவன் தேய்த்து முடிக்கும்வரை அவள் அங்கிருந்து நகரவில்லை.

படத்திறப்பு காலையில் மன்றத்தின் கூடத்தில் நடந்தது. புத்தர் படத்துக்கும் அம்பேத்கர் படத்துக்கும் கீழே நிலவனின் படம், வெள்ளைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். குணசேகரனுக்கு முன்னந்தலை வழுக்கையாகியிருந்தது. பொன்ராஜைப் பார்த்ததும் வந்து கட்டிக்கொண்டான். "வந்தியே தோஸ்து, அது போதும்," என்றான். பழையது எதுவும் அவன் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை.

படத்தைத் திறந்தார்கள். எல்லோரும் பேசினார்கள். யார்டிலிருந்து வந்த ஒருவர், நிலவன் தப்புச் செய்தால் உடனே ஒப்புக்கொள்கிறவன், அப்படி ஒரு நேர்மையான ஆள் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சௌமியா பொன்ராஜின் முழங்கையை இறுகப் பிடித்தாள். அவன் அசையவில்லை. பொய் சொல்கிறார் என்று அவனுக்குத் தோன்றவில்லை. மற்றவர்களிடம் நிலவன் அப்படித்தான் இருந்திருப்பான்.

பிறகு, மன்றத்துப் பையன் ஒருவன் சிவப்புக் கிட்டாரில் நிலவனின் பாட்டை வாசித்தான். தனியாக வாசிக்கும் இடம் வந்தது. அன்றைக்கு ஊர் கேட்காமல் போன இடம். பையன் அதைச் சுருக்கித் தனக்குத் தெரிந்த அளவுக்கு வாசித்தான். தந்தி ஒவ்வொரு ஃபிரெட்டிலும் உரசலே இல்லாமல் வழுக்கிப் போவது பொன்ராஜின் காதுக்கு மட்டும் தனியாகக் கேட்டது.

குணசேகரன் மைக்கை நீட்டினான். "ஆரம்பத்துலருந்து கூட இருந்தவன். ரெண்டு வார்த்த சொல்லு."

பொன்ராஜ் எழுந்தான். மைக்கைப் பிடித்தான். முதல் வரிசையில் கார்குழலி தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளத் தயாராக இருக்கிற முகம். சொல்லிவிடுங்கள் என்று கேட்கிற முகம்போலக்கூட இருந்தது.

"நிலவன்தான் எனுக்கு பேஸ் கிட்டார் கத்துக் குட்த்தான்," என்றான் பொன்ராஜ். "எங்க குப்பத்துக்கு வந்து, எங்கூட்டுத் தட்டுல துண்ணுட்டு..." பாதியிலேயே நிறுத்தினான். மைக்கைக் குணசேகரனிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தான். எல்லோரும் அது துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். துக்கம்தான்.

கிளம்பும்போது கார்குழலி கிட்டாரை அவனிடம் நீட்டினாள். "நீங்களே வெச்சிக்கோங்கண்ணா." அவன் தலையசைத்து மறுத்தான். அந்தப் பையனிடம் கொடுக்கச் சொன்னான்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வெயில் ஏறியிருந்தது. மணலி ரோட்டுப் பக்கமிருந்து கன்டெய்னர் லாரிகள் வரிசையாக வந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றன. சௌமியா அவன் பக்கம் திரும்பினாள்.

"ஏன்யா சொல்லாம வுட்ட?"

"யார் கிட்ட சொல்றது? கேக்க வேண்டியவன் போட்டோவுல கீறான்."

லாரிகளைப் பார்த்துக்கொண்டே அவனே சொன்னான்: "தூளு பத்தி மட்டும்னா வந்து சொல்லியிருப்பான் சௌமியா. 'தப்பா நெனச்சிட்டேன் மாமு, ஒயருதான்'னு சொல்லிட்டுச் சிரிச்சிருப்பான். என் கையப் பத்தி இன்னொரு வார்த்த சொன்னான் பாரு. அத்த எட்த்துகினு எப்பிடி வருவான்? அது எப்பிடி இருக்கும்னு அவனுக்கு நல்லாத் தெரியும். என்னிய வுட அவனுக்குத்தான் தெரியும்."

"அதுக்குன்னு எட்டு வருசமா?"

"நானும் தான போவல. நானா ஒரு தபா அவன் வூட்டுக்குப் போய் நின்னிருந்தா, வாசல்லயே அழுதிருப்பான் அவன்."

லாரிகள் நகரவில்லை. டிரைவர் எஞ்சினை அணைத்தார். பஸ்ஸுக்குள் சூடு ஏறியது. பொன்ராஜ் முன் சீட்டின் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டான். தோள்கள் குலுங்கத் தொடங்கின. குப்பத்து ஆம்பளை பஸ்ஸில் இப்படி அழுவதைப் பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சௌமியா அவர்களை முறைத்தாள். அழாதே என்று அவள் அவனிடம் சொல்லவில்லை. ஜன்னல் கண்ணாடியை இழுத்துத் திறந்துவிட்டு, அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.